மருத்துவ நூலகங்களுக்கு இடையே இரவல்: கொங்குப் பகுதி மாணவர்களும் மருத்துவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர் பக்கத்து மருத்துவ, செவிலியர் கல்லூரிகளில் படிக்கிறவர்களும், தாராபுரம், கோபி, சத்தியமங்கலம் போன்ற ஊர்களில் சொந்தமாக மருத்துவமனை நடத்துகிறவர்களும் நூலக மேசைக்கு வந்து கேட்கும் கேள்விகள் இவை. ஆய்வேட்டுக்குத் தலைப்பு கொடுக்கும் பருவத்தில் இவையே திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

நூலக இரவல் என்றால் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவதுதானே?

அது உங்கள் நூலகம் உங்களுக்குக் கொடுப்பது. இங்கே சொல்வது வேறு. உங்கள் நூலகத்தில் இல்லாததை, அதை வைத்திருக்கும் இன்னொரு நூலகத்திடம் உங்கள் நூலகர் கேட்டு வாங்கித் தருவது. புத்தகமாக இருந்தால் படித்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆய்விதழ்க் கட்டுரையாக இருந்தால் நகல் வரும். அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. மருத்துவ நூலகங்களில் பெரும்பாலும் கேட்கப்படுவது கட்டுரைதான்.

எதுவானாலும் கொடுக்கல் வாங்கல் நூலகத்துக்கும் நூலகத்துக்கும் இடையில். நீங்களே இன்னொரு கல்லூரிக்குப் போய் இரவல் கேட்டால் தர மாட்டார்கள். புத்தகம் திரும்பி வராவிட்டால் யாரைக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியாது அல்லவா? ஆனால் உங்கள் நூலகரிடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால், அங்கேயே உட்கார்ந்து படிக்க அனுமதிக்கும் நூலகங்கள் உண்டு. போகும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே, இது எதற்கு?

இணையத்தில் எல்லாவற்றின் பெயரும் கிடைக்கிறது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தை 1997 முதல் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம். தலைப்பு, ஆசிரியர்கள், சுருக்கம் எல்லாம் வரும். முழுக் கட்டுரையைத் திறக்கப் போனால்தான் டாலரில் விலை கேட்கும். அந்த இடத்தில் நின்றுவிட்டு, சுருக்கத்தை மட்டும் படித்து ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுகிறவர்கள் நிறையப் பேர். சுருக்கத்தில் இருக்கும் எண்ணுக்கும் உள்ளே அட்டவணையில் இருக்கும் எண்ணுக்கும் பொருந்தாத கட்டுரைகள் உண்டு. எந்த நோயாளிகளை ஆய்விலிருந்து விலக்கினார்கள் என்பது சுருக்கத்தில் பெரும்பாலும் வராது. முழுக் கட்டுரையைப் பார்க்காமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

ஆனால் இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. இரவல் கேட்டு வரும் கட்டுரைகளில் பல, தேடத் தெரிந்தால் இலவசமாகவே கிடைப்பவை. 2000இல் தொடங்கிய பப்மெட் சென்ட்ரல் என்ற களஞ்சியத்தில் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். நம் பக்கத்துக்கு வேண்டிய இரண்டை மட்டும் சொல்கிறேன். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் மரபணு இருப்பதை முதலில் காட்டிய கட்டுரை 1952இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்துச் சிகிச்சை கொடுப்பதும் வீட்டிலேயே மாத்திரை கொடுப்பதும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருகின்றன என்று காட்டிய சென்னை ஆய்வு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்த ஆய்வு அது. பெருந்துறையில் இன்று மருத்துவக் கல்லூரி நிற்கும் வளாகமே சானடோரியமாக இருந்த இடம் என்பதால், அங்கே படிக்கிறவர்கள் அதை ஒருமுறையாவது புரட்ட வேண்டும் என்பது என் ஆசை. இரண்டுக்கும் இரவல் விண்ணப்பம் தேவையில்லை. தேடினால் இப்போதே திறக்கலாம்.

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் (என்ஐஎச்) கொடுத்த நிதியில் நடந்த ஆய்வுகளின் கட்டுரைகளும் அதே களஞ்சியத்தில் சேர வேண்டும் என்ற விதி 2008 முதல் இருக்கிறது. அன்பேவால் என்ற உலாவி இணைப்பை நிறுவிக்கொண்டால், சட்டப்படி இலவசமாக இருக்கும் பிரதி எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டும். இவ்வளவும் பார்த்த பிறகு கிடைக்காததுதான் உண்மையான இரவல் விண்ணப்பம்.

எங்களுடையது அரசுக் கல்லூரி. "ஒரே நாடு ஒரே சந்தா" வந்துவிட்டதே, இனி இரவல் எதற்கு?

நல்ல கேள்வி. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திட்டம் அது: மத்திய அரசே பதிப்பகங்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டி, இதழ்களை அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு ₹6,000 கோடி, 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள், மத்திய, மாநில அரசுகளின் கீழுள்ள 6,300 கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். காந்திநகரில் இருக்கும் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்ளிப்நெட் இதை ஒருங்கிணைக்கிறது. எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, பிஎம்ஜே எல்லாம் பட்டியலில் உண்டு. 2022இல் ஒரே நாளில் திறக்கப்பட்ட திருப்பூர், நாமக்கல், ஊட்டி கல்லூரிகளைப் போன்ற இளம் நூலகங்களுக்கு இது பெரிய வரம். கோவை மருத்துவக் கல்லூரி 1966இலிருந்து சேர்த்த அலமாரிகளோடு அவை போட்டி போட வேண்டிய தேவை இதழ்களைப் பொறுத்தவரை வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆனாலும் ஓட்டைகள் இருக்கின்றன. திட்டம் தொடங்கியபோது அறிவித்த 30 பதிப்பகங்களில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினை வெளியிடுகிறவர்களும் இல்லை, ஜாமா இதழை வெளியிடுகிறவர்களும் இல்லை. ஒரு மருத்துவ மாணவர் முதலில் கேட்பதே இந்த இரண்டைத்தான். பாடநூல்கள் இதில் அடங்காது. பழைய தொகுதிகள் எல்லாமும் திறக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஆக, விண்ணப்பங்களின் எண்ணிக்கை குறையும், தேவை தீராது.

ஒன்று கவனியுங்கள். அரசுக் கல்லூரியில் படித்துக்கொண்டே "கட்டுரை திறக்கவில்லை" என்று வருகிறவர்களில் பலர், விடுதி அறையிலிருந்து கைபேசி இணையத்தில் முயன்றவர்கள். கல்லூரி வளாக இணையத்தில் பாருங்கள், அல்லது நூலகரிடம் கேட்டு, வளாகத்துக்கு வெளியிலிருந்தும் திறக்க உதவும் இன்ஃபெட் கணக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியார் கல்லூரி மாணவர்கள் என்ன செய்வது?

இங்கேதான் வலிக்கிறது. கோவை அவிநாசி சாலையில் ஒரு பக்கம் திறக்கும் கட்டுரை, அதே சாலையில் இன்னொரு வளாகத்தில் திறக்காது. மேற்சொன்ன திட்டத்தின் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மின்னிதழ்கள் தந்து உதவும் என்-லிஸ்ட் திட்டம் மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல் கல்லூரிகளைச் சேர்த்துக்கொள்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஏழை நாடுகளுக்கு ஆய்விதழ்களை இலவசமாகவோ குறைந்த விலையிலோ தர 2002இல் தொடங்கிய ஹினாரியில் இந்தியாவுக்கு இடமில்லை. இது ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் ஆர்வத்தோடு கண்டுபிடித்துக்கொண்டு வந்து ஏமாறும் விஷயம்.

மீதி வழிகள் இவை. உங்கள் கல்லூரி நேரடியாகக் கட்டும் சந்தாக்கள். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால், சென்னையில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக நூலகம். புதுதில்லியில் 1988இல் தொடங்கிய டெல்நெட் கூட்டமைப்பு; கல்லூரி ஆண்டுக் கட்டணம் கட்டி உறுப்பினராக இருந்தால், நாடு முழுவதும் உள்ள உறுப்பு நூலகங்களிடமிருந்து புத்தகமும் நகலும் பெறலாம். தில்லியிலேயே எய்ம்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய மருத்துவ நூலகமும் கட்டுரை நகல் அனுப்பும் சேவை நடத்துகிறது.

கர்நாடகத்தில் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் 2003லேயே ஹெலிநெட் என்ற பெயரில் தன் கல்லூரிகளை எல்லாம் சேர்த்து, அரசு, தனியார் என்று பார்க்காமல் கூட்டாகச் சந்தா கட்டியது. சாம்ராஜ்நகர் நமக்கு அடுத்த மாவட்டம்தான். அந்தப் பக்கத்து மாணவருக்குக் கிடைப்பது சத்தியமங்கலத்துக்கு இந்தப் பக்கம் ஏன் கிடைக்கவில்லை என்று மாணவர்கள் கேட்கும்போது நியாயமான பதில் என்னிடம் இல்லை.

விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்?

மேசைக்கு வரும் துண்டுச் சீட்டு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "லான்செட், பாம்புக்கடி, 2010 வாக்கில். அவசரம்." இதை வைத்துக்கொண்டு யாரிடமும் கேட்க முடியாது. லான்செட் என்று பெயர் தொடங்கும் இதழ்களே இருபதுக்கு மேல் இருக்கின்றன.

இப்போது மேலே சொன்ன காசநோய்க் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். இதழ்: உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டின். ஆண்டு 1959, தொகுதி 21, பக்கம் 51 முதல் 144 வரை. இவ்வளவு எழுதினால், அந்தத் தொகுதியை வைத்திருக்கும் நூலகத்தில் ஒருவர் நேராக அலமாரிக்குப் போய் எடுத்துவிடுவார். மொத்தம் 94 பக்கம் என்பதும் நகல் எடுப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். மதிய உணவுக்கு முன் தொடங்கலாமா கூடாதா என்று முடிவு செய்துகொள்வார்.

பப்மெட்டில் கிடைத்த கட்டுரை என்றால் அதன் கீழே இருக்கும் பிஎம்ஐடி எண்ணை அப்படியே எழுதுங்கள். அந்த ஒரு எண் போதும். மற்றதையெல்லாம் நாங்கள் எடுத்துக்கொள்வோம். பிஎம்ஐடி இல்லாத கட்டுரைக்கு 10 என்று தொடங்கும் டிஓஐ எண்ணைக் கொடுங்கள். கையால் எழுதுவதைவிட நகலெடுத்து ஒட்டி மின்னஞ்சலில் அனுப்புவது நல்லது, ஏனென்றால் ஓர் இலக்கம் மாறினாலும் வேறு யாருடைய கட்டுரையோ வரும்.

பக்க எண்ணுக்கு முன்னால் எஸ் என்ற எழுத்து இருந்தால் அது துணை இதழ். அதை விட்டுவிட்டு எழுதினால், முதன்மை இதழின் அதே பக்கத்தில் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று வந்து சேரும். இதழின் பெயரைச் சுருக்கியும் எழுதாதீர்கள். "இந்தியன் ஜர்னல் ஆஃப்" என்று தொடங்குபவை எத்தனை என்று எண்ணி முடியாது.

தேடும்போதும் ஒன்று: செடிகளுக்கு நாம் வழங்கும் தமிழ்ப் பெயர்களை வைத்துத் தேடினால் பெரும்பாலும் எதுவும் வராது. ஒடுவன்தழை நஞ்சைப் பற்றி எழுதப்பட்டதில் கணிசமான பகுதி தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலிருந்து வந்ததுதான். ஆனால் கிளைஸ்டாந்தஸ் காலினஸ் என்ற தாவரவியல் பெயரை ஆங்கிலத்தில் கொடுத்தால்தான் அவை வெளிவரும்.

எத்தனை நாளாகும்?

வைத்திருக்கும் நூலகத்தில் அது மின்வடிவில் இருந்து, அனுப்ப உரிமமும் இருந்தால், அன்றே. அச்சு இதழ் என்றால் சில நாள். புத்தகம் என்றால் அஞ்சல் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில் வந்து கேட்டால் எந்த நூலகரும் மந்திரம் போட முடியாது.

இரவில் ஐசியுவில் நோயாளி இருக்கிறார். உடனே ஒரு கட்டுரை வேண்டும்.

நோயாளி படுக்கையில் இருக்கும்போது இரவல் விண்ணப்பம் சரியான வழி அல்ல. மூத்த மருத்துவரையோ பெரிய மையத்தையோ தொலைபேசியில் கூப்பிடுங்கள். நஞ்சு என்றால் தில்லி எய்ம்ஸில் 1995 முதல் தேசிய நஞ்சுத் தகவல் மையம் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. அதன் எண்ணை வார்டு சுவரில் எழுதி ஒட்டி வைப்பது எந்தக் கட்டுரையையும்விட விரைவாகப் பயன்படும். கட்டுரையை மறுநாள் தேடிக்கொள்ளலாம். அப்போது "அவசரம்" என்று எழுதாமல், "நோயாளி சிகிச்சைக்காக" என்று எழுதுங்கள். எல்லாச் சீட்டிலும் அவசரம் என்றே இருப்பதால் அந்தச் சொல்லை யாரும் கண்டுகொள்வதில்லை. நோயாளி என்று பார்த்தால் வரிசையைத் தாண்டி எடுப்பார்கள்.

நான் சிறிய ஊரில் மருத்துவமனை வைத்திருக்கிறேன். எந்த நூலகத்திலும் உறுப்பினர் இல்லை. எனக்கு யார் தருவார்கள்?

நீங்கள் படித்த கல்லூரியில் தொடங்குங்கள். பழைய மாணவர்களுக்கு நூலகத்தில் வந்து படிக்கும் வசதியைப் பல கல்லூரிகள் கொடுக்கின்றன. கேட்காததால் கிடைக்காமல் போனவர்களே அதிகம்.

அடுத்தது, கட்டுரையை எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புவது. ஒவ்வொரு கட்டுரையிலும் தொடர்பு ஆசிரியரின் முகவரி இருக்கும். இரண்டே வரி போதும்: நீங்கள் யார், எந்தக் கட்டுரை வேண்டும், எதற்காக. நம் ஆட்கள் இதற்குக் கூச்சப்படுகிறார்கள். தன் கட்டுரையை ஈங்கூரில் ஒரு மருத்துவர் படிக்க ஆசைப்படுகிறார் என்பது எழுதியவருக்கு மகிழ்ச்சிதான்; பதில் வருவது அபூர்வம் அல்ல.

பக்கத்தில் இருக்கும், மருத்துவம் அல்லாத துறை நூலகங்களால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு, இதை யாரும் யோசிப்பதில்லை. கோழிப் பண்ணைத் தொழிலாளர்களின் நுரையீரலைப் பற்றியோ பறவைக் காய்ச்சலைப் பற்றியோ ஆய்வு செய்கிறவர், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நூலகத்தைத் தாண்டிச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. வேளாண், கால்நடைப் பல்கலைக்கழகங்களுக்கென்று 2007இல் செரா என்ற தனிக் கூட்டமைப்பு உருவானது. மருத்துவ நூலகங்கள் வாங்காத இதழ்கள் அதில் இருக்கின்றன. பூச்சிக்கொல்லி பற்றிய வேதியியல் வேண்டுமானால் கோவை வேளாண் பல்கலைக்கழகம். பஞ்சுத் தூசி, நூற்பாலைக் காற்று, தறிச் சத்தம் என்றால் 1956இல் கோவையில் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், நம் வாயில் சிட்ரா. ஆலைக்குள் தூசியை எப்படி அளந்தார்கள் என்ற விவரம் மருத்துவ இதழ்களைவிட ஜவுளி இதழ்களில்தான் தெளிவாக இருக்கும். நூலகரிடமிருந்து ஒரு கடிதம், போகும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான்.

முந்தைய மாணவர்களின் ஆய்வேடுகள் வேண்டும்.

எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் எம்.டி., எம்.எஸ். ஆய்வேடுகளை இணையக் களஞ்சியத்தில் பொதுவாகவே திறந்து வைத்திருக்கிறது. முதலில் அங்கே தேடுங்கள். இல்லாவிட்டால் உரிய கல்லூரி நூலகத்தில் பொன்னெழுத்து அட்டைப் பிரதி இருக்கும்; அதை வெளியே அனுப்ப மாட்டார்கள், போய்ப் பார்க்க வேண்டும். பார்ப்பது சரி. முன்னுரையை அப்படியே எடுத்து ஒட்டினால் ஒப்புமை சோதிக்கும் மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும்.

நகல் எடுப்பது சட்டப்படி சரியா?

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகையை மீறலாகக் கருதுவதில்லை. ஒருவர் தன் ஆய்வுக்காக ஒரு கட்டுரையின் ஒரு பிரதி வாங்குவது அதற்குள் வரும். இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத புத்தகத்தை, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று பிரதிகள் வரை எடுக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் உயர் நீதிமன்றம் கற்பித்தலுக்கான நகல்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது உண்மை. அதைச் சாக்காக வைத்து முழுப் பாடநூலையும் நகலெடுத்து வகுப்பு முழுவதற்கும் விற்பது வேறு கதை.

மின்னிதழ்களில் சட்டத்தோடு உரிம ஒப்பந்தமும் சேர்ந்துகொள்கிறது. மற்ற நூலகத்துக்கு அனுப்பலாமா, அச்சிட்டு மட்டும் அனுப்பலாமா என்பதை ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நூலகர் "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொன்னால் தட்டிக்கழிக்கிறார் என்று எண்ணாதீர்கள்.

நண்பரின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தலாமா? சை-ஹப்?

கடவுச்சொல் கூடவே கூடாது. ஒரே கணக்கிலிருந்து கோவையிலும் கரூரிலும் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் பதிவிறக்கம் நடந்தால், பதிப்பகம் அந்தக் கல்லூரியின் அணுகலையே நிறுத்திவிடும். உங்கள் நண்பரோடு அங்கே படிக்கும் எல்லோருக்கும் கதவு மூடும்.

பதிப்பகங்களின் அனுமதியில்லாமல் கட்டுரைகளை இலவசமாகத் தரும் தளமான சை-ஹப் மீது எல்செவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மூன்றும் 2020 இறுதியில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க உத்தரவானது. மாணவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் கல்லூரி நூலகத்தின் பெயரில் அதைப் பரிந்துரைக்க முடியாது.

இவ்வளவு செலவில் வாங்கியதை மற்ற கல்லூரிக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று எங்கள் நிர்வாகம் கேட்கிறது.

நம் ஊரில் மொய் நோட்டு எழுதத் தெரியாதவர்கள் இல்லை. வந்ததை எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்கிறோம். நிர்வாகத்துக்கு இதை அந்தக் கணக்கிலேயே விளக்கலாம்: கடந்த ஆண்டு வந்த நகல்கள் எத்தனை, ஒவ்வொன்றையும் பதிப்பகத்தில் தனியாக வாங்கியிருந்தால் என்ன விலை, நாம் கொடுத்தது எத்தனை. இந்தப் பதிவேட்டை எல்லா நூலகரும் வைத்திருக்க வேண்டும். ஆண்டு இறுதியில் சந்தா கேட்கப் போகும்போது இதைவிட நல்ல சான்று கிடையாது. ஒரே இதழுக்குத் திரும்பத் திரும்ப விண்ணப்பம் வந்திருந்தால், அதை நாமே வாங்கிவிடுவது மலிவு என்பதும் அதில் தெரிந்துவிடும். ஒரே இதழின் கடந்த ஐந்து ஆண்டுகளிலிருந்து ஓர் ஆண்டில் ஐந்து கட்டுரைக்கு மேல் கேட்கக் கூடாது என்று அமெரிக்க நூலகங்கள் 1978 முதல் ஒரு வழிகாட்டு நெறியை வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். நம்மை அது கட்டுப்படுத்தாது, அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வரவும் செலவும் சரிசமமாக வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நான்கு ஆண்டுகளே ஆன ஒரு கல்லூரி, அறுபது ஆண்டுக் கல்லூரிக்கு எதைத் திருப்பித் தரும்? சின்ன நூலகம் வேறு வகையில் ஈடு செய்யலாம்: தன்னிடம் உள்ள இதழ்களின் பட்டியலைச் சரியாக வைத்து எல்லோருக்கும் அனுப்புவது, வந்த விண்ணப்பத்துக்கு "இல்லை" என்றாவது அன்றே பதில் சொல்வது. பதிலே வராத விண்ணப்பம்தான் இந்த ஏற்பாட்டைக் கெடுக்கிறது. இல்லை என்று உடனே தெரிந்தால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிடலாம்.

கட்டணம் உண்டா?

நகல் செலவும் அஞ்சல் செலவும் சில நூலகங்கள் கேட்கும். விண்ணப்பிக்கும்போதே எவ்வளவு வரை சம்மதம் என்று எழுதிவிடுங்கள்.

புத்தகம் எப்படி வரும்? கெட்டுப்போனால் யார் பொறுப்பு?

கூரியர் அல்லது அஞ்சல். 2025 மே முதல் தபால் துறை புத்தகங்களுக்கென்று ஞான் போஸ்ட் என்ற சேவையை நடத்துகிறது: 300 கிராம் வரை ₹20, ஐந்து கிலோ வரை ₹100, வரி தனி. தரைவழியில் போவதால் மெதுவாகத்தான் வரும். மருத்துவப் புத்தகம் வழவழப்புத் தாளில் கனமாக இருக்கும்; வெறும் உறையில் போட்டு அனுப்பினால் மூலைகள் நசுங்கி, முதுகுத் தையல் விட்டுவிடும். நாலு மூலைக்கும் செய்தித்தாளை மடித்துக் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அட்டைப்பெட்டியில் ஆடாமல் வைத்துக் கட்டுங்கள். உள்ளே அனுப்புநர், பெறுநர் முகவரியை ஒரு தாளில் எழுதிப் போடுங்கள். வெளித்தாள் கிழிந்தாலும் வீடு வந்து சேரும்.

பொறுப்பு, இரவல் வாங்கிய நூலகத்துடையது. பிரித்ததும் ஏற்கெனவே கிழிந்த பக்கம், அடிக்கோடு, ஈரக்கறை இருக்கிறதா என்று பார்த்து, கைபேசியில் படம் எடுத்து அன்றே கொடுத்தவருக்கு அனுப்பிவிடுங்கள். தொலைந்துவிட்டால் அதே பதிப்பு அல்லது அடுத்த பதிப்பை வாங்கிக் கொடுக்க வேண்டும். பணமாக வாங்கிக்கொள்ள அரசுக் கல்லூரி நூலகத்தில் கணக்குத் தலைப்பு தேட வேண்டியிருக்கும், ஆகையால் புத்தகமாகவே கொடுங்கள்.